இறங்கியதும் போட்டுக்கொள்ளலாம்

கரங்கானிலிருந்து மலையடிவாரத்துக்குப் போகும் சாலையில் ரப்பர் மரங்கள் முடிந்து எண்ணெய்ச் செம்பனை தொடங்கும். செம்பனையும் முடிந்த பிறகு ஆற்றின் சத்தம் கேட்கும். அந்த ஆற்றங்கரைக் காட்டில் மரத்துக்கு மரம் பாலம் கட்டி, இரும்புக் கம்பி இழுத்து, ஆட்களை மேலே ஏற்றிவிடும் பூங்கா ஒன்று இருந்தது. கூலிம் நகரில் அகத்தா வேலை செய்யும் தொழிற்சாலை அந்த வருடக் குடும்ப தினத்தை அங்கே வைத்தது.

கம்பெனி பஸ்ஸில் ஏறியதிலிருந்து அவள் மகள் ஏமி பின்பக்கக் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒன்பது வயது. பின்னால் வந்த ஒவ்வொரு காரையும் பார்த்தாள். அவை முந்திக்கொண்டு போனபோது ஓட்டுகிறவரின் முகத்தையும் பார்த்தாள்.

"மா, அப்பா பஸ்ஸுக்குப் பின்னாலயே வருவாரா, இல்ல நேரா அங்க வந்துருவாரா?"

"வேலைல சூட்டி கிடைச்சா வருவேன்னுதானே சொன்னாரு."

"கிடைக்கும்லா. அந்தோணியார்கிட்ட கேட்டிருக்கேன்."

முன் இருக்கையிலிருந்து ரூபினி திரும்பினாள். அகத்தாவோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து வேலை செய்கிறவள். ஆறு மாதக் கர்ப்பிணி. "என்னடி ஏமி, உங்கப்பாவுக்கு லீவு பாஸ் பண்றதுதான் அந்தோணியாருக்கு வேலையா? சிங்கப்பூர் முதலாளிக்கே அவர்தான் முதலாளியா?"

பக்கத்திலிருந்த அவள் கணவன் புவனேசன், இரண்டு தோளிலும் இரண்டு பையன்கள் தூங்கி வழிய, கண்ணைத் திறக்காமலே சிரித்தான். அகத்தாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பழகிவிட்ட ஒன்று.

அகத்தாவின் கணவன் சிரில் சிங்கப்பூருக்கு லாரி ஓட்டப் போனது உண்மை. போன வருடமே திரும்பி வந்துவிட்டதும் உண்மை. வந்தவன் கரங்கானிலிருந்த அவர்கள் வீட்டுக்கு வரவில்லை. பண்டார் பாருவில் வேறொருத்தியின் வீட்டில் இருந்தான். இதைச் சொன்னவன் அவனுடைய தம்பி கிறிஸ்டியன். அகத்தாவின் சமையலறையில் நின்று, தான் செய்த தப்புபோலத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். பிறகு இரண்டு தரம் அண்ணனின் தூதாகவும் வந்தான். "அண்ணி, அண்ணன் பிரிஞ்சிக்கலாம்னு கேக்கிறாரு." இரண்டு தரமும் அகத்தா ஒரே பதிலைத்தான் சொன்னாள். "உங்க அண்ணன் வாயால சொல்லட்டும் தம்பி. நீங்க சொல்லி நான் கேக்க மாட்டேன்."

சிரில் தன் வாயால் சொல்லவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவன் போன் வரும். மகளோடு சிரித்துப் பேசுவான். அகத்தா போனை வாங்கினால் லைன் சரியில்லை என்பான். எதையும் முகத்துக்கு நேரே சொல்லத் தெரியாதவன் அவன். பெண் பார்க்க வந்த அன்றுகூட அவளைப் பிடித்திருக்கிறது என்று அவன் அம்மாதான் சொன்னாள். அவன் சொல்லாத வரைக்கும் ஒன்றும் முடிந்துவிடவில்லை என்று அகத்தா எண்ணினாள். மாதா கோவிலில் சாமியார் முன்னால் ஆன கல்யாணம், சாவு ஒன்றுதான் அதைப் பிரிக்கும் என்று படித்து வளர்ந்தவள். ஆகவே ஏமியிடம் அப்பா சிங்கப்பூரில் என்றாள். தொழிற்சாலையிலும் அதையே சொன்னாள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் ஊருக்குத் தெரியாமல் இருந்தால் மூடியே தேவையில்லையே.

போன வாரம் அவனுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். குடும்ப தினம், ஏமி மரம் ஏற ஆசைப்படுகிறாள், அவளோடு ஏற ஒரு பெரிய ஆள் வேண்டும், எனக்கு உயரம் பயம் என்று. 'பார்க்கலாம்' என்று பதில் வந்தது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வாரம் முழுக்க அகத்தா வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். குடும்ப தினத்துக்கென்று கம்பெனி கொடுத்த ஆண்கள் டி-சட்டையையும் அயர்ன் பண்ணிப் பையில் வைத்திருந்தாள்.

பூங்காவில் எல்லாருக்கும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கொடுத்தார்கள். ஏமி கார் நிறுத்துமிடத்தைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள். வெள்ளைக் கார் வந்தால் மெல்லுவதை நிறுத்துவாள். அகத்தா போனை எடுத்துப் பார்த்தாள். காலையில் அனுப்பிய செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. பதில் இல்லை.

அவர்களுடைய குழுவைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவள் நாற்பதைத் தாண்டிய ஒரு மலாய்க்காரப் பெண். கக் யாத்தி, அதாவது யாத்தி அக்கா, என்று எல்லாரும் அழைத்தார்கள். வெயிலில் கறுத்த முகம். மரத்திலேயே வளர்ந்தவள்போல் நடை. ஒரு கம்பத்தில் உயரத்துக்குக் கோடு போட்டிருந்தார்கள். ஏமியின் தலை கோட்டுக்குக் கீழே நின்றது. கோட்டைத் தொடாத பிள்ளையோடு பெரியவர் ஒருவர் கட்டாயம் போக வேண்டும், ஒருவருக்கு இரண்டு பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்றாள் கக் யாத்தி. புவனேசனுக்கு அவன் பையன்களே இரண்டு. ரூபினி ஏறக்கூடாது.

"அண்ணன் எங்கேக்கா? சிங்கப்பூர் தாண்டி ஜோகூர் பாலத்துல ஜாமா?" என்றாள் ரூபினி.

"கடைசி நேரத்துல முதலாளி விடலையாம்." சொல்லிவிட்டு அகத்தா மகளின் முகத்தைப் பார்த்தாள். ஏமி கார் நிறுத்துமிடத்தை இன்னொரு தரம் பார்த்தாள். அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, "அப்ப நீங்க வாங்கம்மா" என்றாள். "நான் உங்களைப் பத்திரமாக் கூட்டிட்டுப் போறேன்."

 அகத்தா ஹெல்மட்டை வாங்கினாள்.

ஹார்னஸ் என்பது தொடையைச் சுற்றி ஏறி, இடுப்பை இறுக்கி, நெஞ்சுக்குக் குறுக்கே போகும் தடித்த வார். அதன் முன்னால் இரண்டு கொக்கிகள் தொங்கின. எப்போதும் ஒரு கொக்கியாவது கம்பியில் இருக்க வேண்டும், ஒன்றை மாட்டிய பிறகுதான் இன்னொன்றை எடுக்க வேண்டும் என்று கக் யாத்தி திரும்பத் திரும்பச் செய்து காட்டினாள். பிறகு ஒவ்வொருவராக வாரை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டு வந்தாள். அகத்தாவிடம் வந்ததும் அவள் கை நின்றது.

"கக், ரந்தாய் கெனா புக்கா."

சங்கிலியைக் கழற்ற வேண்டுமாம். அகத்தாவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. "இது தாலி, கக்" என்றாள்.

தெரியும் என்று தலையாட்டினாள் கக் யாத்தி. இந்திய அக்காமார் பலர் வந்திருக்கிறார்கள். பிளாஸ்டர் ஒட்டிப் பார்த்தோம்; கம்பியில் போகும்போது நெஞ்சு வார் இழுத்து, ஒருவருக்குச் சங்கிலி அறுந்து, கழுத்தும் கிழிந்தது. அதற்குப் பிறகு யாரையும் சங்கிலியோடு விடுவதில்லை. இறங்கியதும் போட்டுக்கொள்ளலாம். இவ்வளவையும் மலாயில் மெதுவாக, மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள்.

ரூபினிதான் கொதித்தாள். "அதெப்படி கழட்டுறது? புருஷன் கல்லு மாதிரி இருக்காரு! எங்கக்காவுக்கு ஆபரேஷன் பண்றப்பகூட மஞ்சக் கயித்தைக் கட்டிக்கிட்டுத்தான் சங்கிலியைக் கழட்டுனாங்க. இப்ப மஞ்சளுக்கு எங்க போறது?"

"கேன்டீன்ல கோழி பொரிக்கிறாங்க. ஒரு துண்டு மஞ்சள் கேட்டுப் பார்க்கவா?" என்றான் புவனேசன்.

"நீங்க வாயை மூடுங்க. அவங்க வேதக்காரங்க, அவங்களுக்கு மஞ்சள் உண்டா இல்லையான்னே எனக்குத் தெரியல."

"எங்களுக்கு அதெல்லாம் இல்ல ரூபினி" என்றாள் அகத்தா. அவள் தாலியில் ஒரு சின்னப் புறா. புறாவின் மேல் ஒரு சிலுவை. "கழட்டி வெச்சாலும் தப்பில்லன்னு சாமியார் சொல்லுவாரு." சொன்னாளே தவிர, கட்டிய நாளிலிருந்து குளிக்கும்போதுகூட அவள் அதைக் கழற்றியதில்லை. இந்த ஒரு வருடமாக, தூக்கத்தில் புரளும்போதும் ஒரு கை அதைப் பிடித்திருக்கும்.

கழுத்துக்குப் பின்னால் சங்கிலியின் கொக்கியைத் தேடினாள். அப்போதுதான் ஏமி அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"வேணாம்மா!"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் ஏறல. எனக்கு வேணாம். கழட்டாதீங்க, அப்பா செத்துருவாரு."

"சீ! என்ன பேச்சுடி இது?"

"அழகம்மா பாட்டிக்குக் கழட்டுனாங்கல்ல!"

அகத்தாவுக்கு விளங்கியது. அந்த வருடத் தொடக்கத்தில் அவர்களுடைய வரிசை வீட்டின் கடைசி வாசலில் குடியிருந்த ராமையா இறந்துபோனார். சடங்கின்போது பெண்கள் சூழ்ந்துகொண்டு அவர் மனைவி அழகம்மாவின் தாலியைக் கழற்றினார்கள். பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னார்கள். ஏமி போகவில்லை; அகத்தாவின் இடுப்புக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். பார்த்ததைத் தலைகீழாக மனசில் வாங்கியிருக்கிறாள். ஆள் போனதால் தாலி இறங்கியது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அகத்தா முட்டிபோட்டு உட்கார்ந்தாள். ஹார்னஸ் தொடையை அறுத்தது. "அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது, ஏமி. சத்தியமா."

"அப்ப போன் பண்ணுங்க. அப்பா பேசிக்கிட்டே இருக்கட்டும். அவர் பேசுறப்ப நீங்க கழட்டுங்க. அப்பதான் நம்புவேன்."

ரூபினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாருங்கக்கா, அப்பா மேல எவ்வளவு பாசம்! கூப்பிடுங்க. வேலைல இருந்தாலும் எடுப்பாரு." கக் யாத்திக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஏதோ புரிந்து, அடுத்த குடும்பத்தை முன்னால் அனுப்பினாள்.

எடுக்கமாட்டான் என்று நினைத்துத்தான் அகத்தா கூப்பிட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான். ஏமி போனைப் பிடுங்கி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அப்பா, உங்களுக்கு நெஞ்சு வலிக்குதா?"

"இல்லையே பாப்பா. ஏன்?"

"தலை சுத்துதா?"

"இல்லலா. என்னாச்சு?"

"ஃபிளையிங் ஃபாக்ஸ் கம்பியில போறதுக்கு அம்மா தாலியைக் கழட்டப் போறாங்க. நீங்க பேசிக்கிட்டே இருக்கணும். ஏதாவது செஞ்சா உடனே சொல்லணும், நான் திரும்பப் போடச் சொல்லிடுவேன்."

 "அம்மாகிட்ட கொடு" என்றான் சிரில். லைன் நன்றாகவே இருந்தது.

அகத்தா ஸ்பீக்கரை அணைத்து, ஹெல்மட் அடுக்கியிருந்த கொட்டகைக்குப் பின்னால் போனாள்.

"என்ன அகத்தா இது? சின்னப் பிள்ளைகிட்ட என்னத்தைச் சொல்லி வெச்சிருக்க?"

"நான் ஒண்ணும் சொல்லல. இங்க ரூல்ஸ். சும்மா மேல ஏறத்தான். இறங்கினதும் போட்டுக்குவேன்." அவனைச் சமாதானப்படுத்துகிற அவசரத்தில் சொன்னாள்.

அவன் மூச்சு விடுவது கேட்டது. 

"போட்டுக்க வேணாம்" என்றான்.

"என்னங்க?"

"கழட்டுறது கழட்டுற. திரும்பப் போட வேணாம். கிறிஸ்டியன் வந்து சொன்னான்ல?"

"நீங்க சொல்லணும்னு சொன்னேன்."

"அதான் இப்ப சொல்றேனே. நான் வரமாட்டேன்."

"இன்னைக்கா?" என்று கேட்டாள் அகத்தா. கேட்ட பிறகுதான் அது எவ்வளவு மடத்தனமான கேள்வி என்று தெரிந்தது.

"எப்பவும்தான் அகத்தா." குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. கோபமில்லை. கோபமிருந்தால் அவளும் ஏதாவது பேசியிருப்பாள். "பிள்ளைகிட்ட போனைக் கொடு. நான் பேசிக்கிட்டு இருக்கேன். நீ கழட்டு. அது மரம் ஏறட்டும்."

அப்படித்தான் நடந்தது. ஏமி போனைக் காதில் வைத்துக்கொண்டு, "இருக்கீங்களா? இப்ப இருக்கீங்களா?" என்று கேட்டாள். "இருக்கேன், இருக்கேன்" என்று சிரில் சொல்லிக்கொண்டிருந்தான். அகத்தா இரண்டு கையையும் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோனாள். கொக்கி இறுகிப்போயிருந்தது. ரூபினியை உதவிக்குக் கூப்பிட்டபோது அவள் பின்வாங்கினாள். "வேணாம்க்கா, வயித்துல பிள்ளை இருக்கு. பயமா இருக்கு." கடைசியில் கக் யாத்திதான் நகத்தால் நெம்பி எடுத்து, சங்கிலியை அகத்தாவின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை மூடிவிட்டாள்.

"மா! ஒண்ணும் ஆகல! அப்பா சிரிக்கிறாரு!"

ஏமி குதித்தாள். புவனேசன் கைதட்டினான். வரிசையிலிருந்தவர்களும் எதற்கென்று தெரியாமல் கைதட்டினார்கள். அகத்தா சங்கிலியைக் கால்சட்டைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

ஏணி. முதல் மரம். கொக்கியை மாட்டு, அடுத்ததை எடு, மாட்டு. தொங்கும் பலகைகள் காலுக்குக் கீழே விலகி விலகிப் போயின. உயரம் பயம் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவள் அன்று கீழே பார்த்தாள், ஒன்றும் தோன்றவில்லை. இலைகளுக்கு நடுவே ரூபினி சின்னதாகத் தெரிந்தாள். தொடை வார் நகரும்போதெல்லாம் பையிலிருந்த புறா சதையில் குத்தியது.

"கீழ பார்க்காதீங்கம்மா, என் முதுகைப் பாருங்க" என்றாள் ஏமி, முன்னால் போய்க்கொண்டே. "நான் எங்க கால் வைக்கிறேனோ அங்கயே வைங்க."

அகத்தா அவள் முதுகைப் பார்த்தாள். சட்டை வியர்வையில் ஒட்டி, தோள்பட்டை எலும்புகள் இரண்டும் தெரிந்தன. அதைப் பார்த்துக்கொண்டே நடந்தபோதுதான் கண் மறைத்தது. துடைக்க ஒரு கையை விட வேண்டும். விடவில்லை. முகத்தில் வழிந்தது வழிந்தபடியே போகட்டும் என்று நடந்தாள். ஏமி திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் கால் தவறும் என்று கக் யாத்தி சொல்லியிருந்தாள்.

கடைசி மரத்திலிருந்து ஆற்றுக்குக் குறுக்கே கம்பி போனது. ஏமி கத்திக்கொண்டே போனாள். அந்தக் கத்தல் முழுக்கச் சந்தோஷம். அதில் பங்கம் ஏதுமில்லை. அகத்தாவின் முறை வந்ததும் அங்கே நின்ற ஆள் ஏதோ சொன்னான், அவள் தலையாட்டினாள், தண்ணீர் அடியில் ஓடியது, மறுகரை வந்துவிட்டது.

மரத்தூள் கொட்டியிருந்த மேட்டில் ஏமி காத்திருந்தாள். முகம் சிவந்து, ஹெல்மட் ஒரு பக்கம் சரிந்திருந்தது. இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து வார்களை அவிழ்த்தார்கள். மற்றவர்கள் நடைபாலம் வழியாகச் சாப்பாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப போடலாம்" என்று ஏமி தானே ஜிப்பைத் திறந்து சங்கிலியை எடுத்தாள். பெஞ்சின் மேல் ஏறி அம்மாவுக்குப் பின்னால் நின்றாள். சங்கிலி கழுத்தைச் சுற்றி வந்தது. உடம்புச் சூட்டில் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. சின்ன விரல்கள் பிடரியில் கொக்கியைத் தேடின.

 போட விட்டுவிடலாம் என்று அகத்தாவுக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். சிங்கப்பூர் என்று இன்னும் கொஞ்ச நாள் சொல்லலாம். பிறகு கையைப் பின்னால் கொண்டுபோய் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம் ஏமி."

"ஏன், இன்னும் ஏறணுமா?"

"இல்ல. கீழ வா, பக்கத்துல உட்காரு." எப்படிச் சொல்வதென்று யோசித்தாள். யோசிக்க யோசிக்க நல்ல வார்த்தைகளெல்லாம் பொய்யாகவே வந்தன. "அப்பா சிங்கப்பூர்ல இல்ல. வந்து ரொம்ப நாளாச்சு. வேற ஒரு வீட்ல, வேற ஆளோட இருக்காரு. நம்ம வீட்டுக்கு வரமாட்டாரு. இப்ப போன்ல எங்கிட்ட சொன்னாரு. அதனால இது இனிமே வேணாம்."

ஏமி சங்கிலியைப் பார்த்தாள். "எங்க இருக்காரு?"

"பண்டார் பாரு."

"அது தூரமா?"

"இல்ல."

"கார்ல வந்தா?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

ஏமி தலையைக் குனிந்து எதையோ கணக்குப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தாள். மரத்தூளைக் காலால் கிளறினாள்.

"போன ஞாயித்துக்கிழமை பேசுறப்ப, அங்க நல்ல மழைன்னு சொன்னாரு. நம்ம வீட்லயும் மழை பெய்யுதுப்பான்னு நான் சொன்னேன். அப்படியா, ஆச்சரியம்தான்னாரு." அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "அது ஒரே மழையாம்மா?"

 ஆமாம் என்று அகத்தா தலையை அசைத்தாள்.

நடைபாலம் ஆட அவர்கள் திரும்பி வந்தபோது, எதிர்க்கரையில் ரூபினி வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்று கையை ஆட்டினாள். தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி, ஆற்றுச் சத்தத்துக்கு மேல் கத்தினாள்.

"அக்கா! போட்டுட்டீங்கல்ல? மறந்துறாதீங்க!"

பாலத்தில் முன்னால் போன இரண்டு மூன்று பேர் அகத்தாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அகத்தா வாயைத் திறந்தாள்.

"போட்டாச்சு ஆன்ட்டி!" என்று ஏமி கத்தினாள். சங்கிலி இருந்த கையை இறுக மூடி முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள். மற்றக் கையால் அம்மாவின் டி-சட்டைக் கழுத்துப்பட்டியை மேலே இழுத்துவிட்டாள். "அப்போவே போட்டாச்சு!"